எந்தக் கல்லூரியை மேலே போடுறது?

நீட் ரேங்க் பட்டியல் வெளியாகிற வாரத்தில் திருவண்ணாமலையில் நாலு பேர் சேர்ந்து டீ குடித்தால், அதில் ஒருத்தராவது தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருப்பார். தேரடி வீதியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் செங்கம் பக்கத்து விவசாயி. மகளுக்கு நல்ல ரேங்க். கையில் கல்லூரிப் பெயர்கள் எழுதிய ஒரு தாள்.

"சார், பாப்பாவுக்கு நம்ம ஊரும் கிடைக்கும், செங்கல்பட்டும் கிடைக்கலாம்ங்கறாங்க. நம்ம ஊர்து புதுசு, பழசையே மேல போடுன்னு கம்ப்யூட்டர் சென்டர்ல சொல்றாரு. பாப்பா மெட்ராஸ்தான்னு நிக்குது. அவங்கம்மா வீட்டுப் பக்கமே இருக்கட்டும்ங்கறா. இன்னா பண்றது?"

இன்னொரு டீ சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்க முடிந்தது. அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். அந்தத் தாளைப் போல ஒன்று இப்போது பல வீடுகளில் இருக்கும்.

முதல் பயம் சர்டிஃபிகேட் பற்றியது. புதுக் கல்லூரியில் படித்தால் பட்டம் மட்டமா? மாநில அரசுக் கல்லூரி எதில் சேர்ந்தாலும் பட்டம் கொடுப்பது கிண்டியில் இருக்கிற தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்தான். சென்னையில் படிக்கிற பிள்ளைக்கும் ராமநாதபுரத்தில் படிக்கிற பிள்ளைக்கும் பாடத்திட்டம் ஒன்று, பல்கலைக்கழகக் கேள்வித்தாளும் ஒன்று. நாலரை வருஷப் படிப்பு, ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன். அப்புறம் எம்.டி., எம்.எஸ். படிக்க நீட் பி.ஜி. எழுதணும். அங்கே ரேங்க் போடுவது மார்க்கை வைத்து. எந்தக் கல்லூரியில் படித்தாய் என்று அந்தத் தேர்வு கேட்பதில்லை. அதனால் பட்டத்தை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

"அப்போ எல்லாம் ஒண்ணுதானா?"

இல்லைங்க. பட்டம்தான் ஒன்று. படிப்பு ஒன்றில்லை. மருத்துவப் படிப்பில் பாதிக்கு மேல் நோயாளியின் கட்டில் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்வது. நோயாளி இல்லாத கல்லூரியில் டாக்டருக்குப் படிப்பது, தறி இல்லாமல் ஆரணியில் பட்டு நெய்யக் கற்றுக்கொள்கிற மாதிரி. ஆகவே கல்லூரி எந்த வருஷம் தொடங்கியது என்று மட்டும் பார்ப்பதில் பலன் குறைவு. நான் கேட்கச் சொல்கிற கேள்வி வேறு: முதலில் வந்தது ஆஸ்பத்திரியா, கல்லூரியா?

சென்னை மருத்துவக் கல்லூரி 1835-ல் தொடங்கியது. சென்ட்ரல் எதிரே இருக்கிற ஜி.எச். 1664-ல் கோட்டைக்குள் பட்டாளத்துக்காரர்களுக்காக ஆரம்பித்தது, 1772-ல் இப்போதைய இடத்துக்கு வந்தது. கல்லூரி பிறக்கும்போது ஆஸ்பத்திரிக்கு வயது 171. ஸ்டான்லி 1938-ல்தான் கல்லூரி ஆனது. அதற்கு நூறு வருஷத்துக்கு மேல் முன்பிருந்தே வடசென்னையில் மணியக்காரர் சத்திரத்தை ஒட்டி ஏழைகளுக்கு வைத்தியம் நடந்துகொண்டிருந்தது.

நம்ம ஊரிலிருந்து வடக்கே இரண்டு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிற வேலூர் சி.எம்.சி. இன்னும் நல்ல உதாரணம். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்தார். 1902-ல் 40 படுக்கை ஆஸ்பத்திரி. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918-ல்தான் வந்தது. மூன்று விண்ணப்பம் வந்தாலே அதிர்ஷ்டம் என்று கிண்டல் பண்ணினவர்கள் இருந்தார்களாம். அந்த முதல் வருஷம் 151 பேர் விண்ணப்பித்தார்கள். இன்றைக்கு சி.எம்.சி. சீட்டுக்காக நாடே வரிசையில் நிற்கிறது. 1918-ல் அது யாரும் கேள்விப்படாத புதுக் கல்லூரி. அந்த 151 பெண்களின் அப்பாக்களிடமும் இதே மாதிரி யாராவது பயம் காட்டியிருப்பார்கள். ஆனால் பள்ளி திறந்தபோது வார்டில் 16 வருஷத்து அனுபவம் இருந்தது.

இது நானாகக் கண்டுபிடித்த அளவுகோல் இல்லை. அமெரிக்காவில் 1910-ல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் என்பவர் அமெரிக்கா, கனடாவில் இருந்த 155 மருத்துவக் கல்லூரிகளையும் சுற்றிப் பார்த்து ஒரு அறிக்கை எழுதினார். அவர் டாக்டர் இல்லை, பள்ளிக்கூடம் நடத்தியவர். சொந்தமாக ஆய்வுக்கூடம் உண்டா, மாணவன் நோயாளியைத் தொட்டுப் பார்க்க ஆஸ்பத்திரி உண்டா என்று பார்த்தார். அந்த அறிக்கைக்குப் பிறகு பல கல்லூரிகள் மூடப்பட்டன, பல ஒன்றோடொன்று சேர்ந்தன. மூடப்பட்டவற்றில் பழைய பெயர்களும் இருந்தன.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி 2013-ல் 100 இடங்களோடு தொடங்கியது. வெறும் நிலத்தில் முளைத்ததில்லை, மாவட்டத் தலைமை மருத்துவமனையின் தோளில் ஏறி வந்தது. 2011 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தின் ஜனத்தொகை 24 லட்சத்து 64 ஆயிரம் சொச்சம். அதில் பெரும்பகுதி கிராமம். அந்தக் கிராமங்களிலிருந்து என்னென்ன வரும் என்று செங்கத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அவரே சொன்னார். "பாம்புக் கடி வரும். பூச்சிமருந்து குடிச்சது வரும். பைக்ல விழுந்தது வரும்."

அவ்வளவும் பாடம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலும் இந்தப் பக்கத்து வயலிலும் வரப்பிலும் உண்டு. கட்டுவிரியன் ராத்திரி தூங்குகிறவரைக் கடிக்கும். காயம் கண்ணுக்கே தெரியாது. காலையில் வயிற்று வலி என்று வருவார், கண் இமை தொங்கும். அதை ஒரு முறை பார்த்த ஹவுஸ் சர்ஜன் வாழ்நாளில் மறக்கமாட்டார். பூச்சிமருந்து குடித்தவருக்கு அட்ரோபின் ஏற்றி, நெஞ்சுச் சத்தத்தையும் நாடித் துடிப்பையும் பார்த்துப் பார்த்து அளவைக் கூட்டுவது புத்தகத்தில் நாலு வரி, வார்டில் அது ஒரு ராத்திரி முழுக்க. ஜவ்வாது மலையிலிருந்து ரத்தம் குறைந்து வருகிற கர்ப்பிணிகள் உண்டு. கார்த்திகை தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் 14 கிலோமீட்டர் சுற்றிவர லட்சக்கணக்கில் ஜனம் வரும்போது நெஞ்சு வலியும் சர்க்கரை இறங்கி மயக்கமும் கூடவே வரும். சாதாரண எம்.பி.பி.எஸ். டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டிய நோய்களில் முக்கால்வாசி இந்த ஊர் காஷுவாலிட்டியில் நடந்து வருகிறது.

ஆனால் பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்கு இன்னொரு பலம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. சென்னை மருத்துவக் கல்லூரி மாணவருக்கு ஜி.எச். மட்டுமில்லை, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை, 1819-ல் ஆரம்பித்த கண் மருத்துவமனை எல்லாம் அவர்களுடைய வகுப்பறைகள். மாவட்ட ஆஸ்பத்திரி "மேல கொண்டுபோங்க" என்று அனுப்புகிற அபூர்வமான கேஸ் எல்லாம் போய்ச் சேருகிற இடம் அது. பழைய கல்லூரியின் நோய்க்குறியியல் மியூசியத்தில் ஜாடிகளில் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துவைத்த உறுப்புகள் இருக்கும். அதைப் புதுக் கல்லூரி பணம் கொடுத்து ஒரே வருஷத்தில் வாங்கிவிட முடியாது. அதனால் சென்னை, ஸ்டான்லி, மதுரை, பாண்டிச்சேரி ஜிப்மர் இவற்றில் ஒன்று ரேங்குக்கு எட்டினால், வீட்டுப் பக்கம் என்ற ஒரே காரணத்துக்காக விடுவது தப்பு என்பதுதான் என் கட்சி. அவங்கம்மாவுக்கு இது பிடிக்காது. ஆனால் முதல் வருஷத்தில் உடற்கூறியல் பாடத்தோடு மல்லுக்கட்டும்போதும், கடைசியில் ராத்திரி டூட்டி வரும்போதும் எந்தப் பிள்ளையும் ஹாஸ்டலில் இருப்பதே மேல். உள்ளூரிலேயே படித்தாலும் சரி.

"பெரிய பேரு இருந்தா போதும்ல?" என்று கேட்டார். பேருக்கு ஒரு கதை சொன்னேன். மதுரை எய்ம்ஸுக்குத் தோப்பூரில் 2019 ஜனவரி 27-ல் அடிக்கல் நாட்டினார்கள். எய்ம்ஸ் என்றால் நாட்டிலேயே பெரிய பெயர். முதல் அணியில் 50 மாணவர்கள் 2022 ஏப்ரலில் வகுப்புக்குப் போனார்கள். மதுரைக்கு இல்லை, ராமநாதபுரத்துக்கு. அங்கே அந்த வருஷம்தான் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தற்காலிகமாக இடம் கொடுத்தார்கள். தோப்பூரில் கட்டட வேலை ஆரம்பித்ததே 2024-ல். எய்ம்ஸ் என்ற பெயரைப் பார்த்து வந்த பிள்ளைக்குக் கையில் கிடைத்தது ஒரு மாவட்ட ஆஸ்பத்திரி. நாளைக்கு அது பெரிய நிறுவனம் ஆகும், சந்தேகமில்லை. ஆனால் படிப்பு நாளைக்கு நடப்பதில்லை.

ராமநாதபுரத்தையும் சேர்த்து 11 அரசு மருத்துவக் கல்லூரிகளைப் பிரதமர் 2022 ஜனவரி 12-ல் ஒரே நாளில் காணொலி வழியாகத் திறந்து வைத்தார். சுமார் 4,000 கோடி ரூபாய், 1,450 இடங்கள். விருதுநகர், நாமக்கல், நீலகிரி, திருப்பூர், திருவள்ளூர், நாகப்பட்டினம், திண்டுக்கல், அரியலூர், ராமநாதபுரம், நமக்குப் பக்கத்தில் கள்ளக்குறிச்சியும் கிருஷ்ணகிரியும். மாவட்ட ஆஸ்பத்திரியோடு இணைத்துக் கல்லூரி தொடங்குகிற மத்திய அரசுத் திட்டத்தில் வந்தவை இவை. அதனால் என் கேள்விக்கு இவையெல்லாம் பாஸ்: ஆஸ்பத்திரி முதலில் வந்தது. கவனிக்க வேண்டியது வேறொன்று. பழைய ஆஸ்பத்திரி ஊர் நடுவில் இருக்கும், புதுக் கட்டடம் ஊருக்கு வெளியே பளபளவென்று நிற்கும். நோயாளி புது இடத்துக்குப் பழகக் கொஞ்ச காலம் பிடிக்கும். நேரில் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இனி வாத்தியார் விஷயம். புது அரசுக் கல்லூரிகளின் பலவீனம் இங்கேதான். அரசு மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர்கள் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ் ஒரே பணியில் இருப்பவர்கள். ஊர் ஊராக மாற்றல் உண்டு. இன்றைக்கு நம்ம ஊரில் பாடம் எடுப்பவர் முன்பு சென்னையில் எடுத்தவராக இருக்கலாம். அதாவது, வாத்தியாரைப் பொறுத்தவரை புதுசு பழசு என்ற பேதம் வெளியில் நினைக்கிற அளவுக்குக் கிடையாது. ஆனால் பலருக்குச் சென்னையிலோ மதுரையிலோ இருக்கத்தான் ஆசை. தூரத்து மாவட்டத்தில் பேராசிரியர் நாற்காலி காலியாகக் கிடக்கும். முன்பெல்லாம் ஆய்வுக்கு ஆள் வருகிற வாரத்தில் மற்ற ஊரிலிருந்து டாக்டர்களை அனுப்பிக் கணக்குக் காட்டுவார்கள். இப்போது ஆதாரோடு இணைந்த வருகைப் பதிவு வந்துவிட்டதால் அந்த வேலை சுலபத்தில் நடக்காது.

பழைய கல்லூரியும் இதில் தப்பவில்லை. 2023 மே மாதத்தில் வருகைப் பதிவு, கண்காணிப்பு கேமரா குறைகளைச் சொல்லி தேசிய மருத்துவ ஆணையம் மூன்று கல்லூரிகளின் அங்கீகாரத்தில் கை வைத்தது: தர்மபுரி, திருச்சி கி.ஆ.பெ. விசுவநாதம், அப்புறம் ஸ்டான்லி. ஆமாம், ஸ்டான்லியேதான். சில வாரத்தில் சரிசெய்து மீட்டுக்கொண்டார்கள். 2025-ல் ஆசிரியர் பற்றாக்குறை போன்ற குறைகளுக்காக மாநிலத்தின் 36 அரசுக் கல்லூரிகளில் 34-க்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. நோட்டீஸ் வந்ததா என்று விசாரித்தால் ஒன்றும் தெளியாது. மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தைகள் இந்த நாலு துறையிலும் ஆள் நிரம்பியிருக்கிறதா என்று அங்கே படிக்கிற பிள்ளையிடம் கேளுங்கள். அவர்கள் மறைக்கமாட்டார்கள்.

புதுக் கல்லூரிக்குச் சாதகமான ஒரு விஷயம் இருக்கிறது, இதை கம்ப்யூட்டர் சென்டர்காரர் சொல்லமாட்டார். பெரிய பழைய கல்லூரியில் ஒவ்வொரு வார்டிலும் பி.ஜி. மாணவர்கள் நிறைய. தையல் போடுவது, நுரையீரலைச் சுற்றியிருக்கிற நீரை ஊசியால் எடுப்பது, பிரசவம் பார்ப்பது எல்லாம் முதலில் பி.ஜி. கைக்குப் போகும். ஹவுஸ் சர்ஜன் ரத்தம் எடுத்து, ரிப்போர்ட் வாங்க லேபுக்கு ஓடிக்கொண்டிருப்பார். பி.ஜி. குறைவான ஆஸ்பத்திரியில் அந்த வேலையெல்லாம் ஹவுஸ் சர்ஜன் கைக்கு வரும். மறுபக்கமும் உண்டு: ராத்திரி இரண்டு மணிக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க பி.ஜி. அண்ணனோ அக்காவோ இருக்கமாட்டார். கையில் வேலை வேண்டுமா, பக்கத்தில் ஆள் வேண்டுமா என்பது பிள்ளையின் சுபாவத்தைப் பொறுத்தது.

கூட்டத்தையும் ஒரு கணக்குப் பார்க்கலாம். 2023-ல் வந்த விதிப்படி 100 இடமுள்ள கல்லூரிக்குக் குறைந்தது 420 படுக்கை வேண்டும், 250 இடத்துக்கு 900. வகுத்துப் பார்த்தால் சின்னக் கல்லூரியில் ஒரு இடத்துக்கு நாலு படுக்கைக்குக் கொஞ்சம் மேல், பெரியதில் நாலுக்குக் கொஞ்சம் கீழ். சென்னை ஜி.எச். மாதிரி இடங்களில் விதி கேட்பதைவிடப் பல மடங்கு படுக்கை இருக்கிறது, அது வேறு. ஆனால் பெரிய கல்லூரி என்றாலே நோயாளி அதிகம் என்று கண்ணை மூடிக்கொண்டு நினைக்க வேண்டாம்.

தனியார் புதுக் கல்லூரி என்றால்தான் நான் குரலை மாற்றுவேன். அங்கே பெரும்பாலும் கல்லூரி வேண்டும் என்பதற்காகத்தான் ஆஸ்பத்திரியைக் கட்டுகிறார்கள். எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. சிலர் இலவசச் சிகிச்சை கொடுத்து நிஜமாகவே நோயாளிகளைச் சேர்க்கிறார்கள். ஒரு வேலை நாளில் காலை ஒன்பதரைக்குச் சொல்லாமல் போய் ஓ.பி. வாசலில் நில்லுங்கள். வார்டில் படுக்கை விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்தால் திரும்பி பஸ் ஏறிவிடுங்கள். போன மாதம் எத்தனை பிரசவம் என்று நர்ஸம்மாவிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதுவே பதில்.

அனுமதி விஷயமும் தனியாரில்தான் கழுத்தைப் பிடிக்கும். புதுக் கல்லூரிக்கு முதலில் கிடைப்பது மாணவர் சேர்க்க அனுமதி. முழு அங்கீகாரம் முதல் அணி கடைசித் தேர்வு எழுதுகிற சமயத்தில்தான். அமெரிக்காவிலும் இப்படிப் படிப்படியாகத்தான் கொடுக்கிறார்கள். அங்கே 2020-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய கைசர் பெர்மனென்டே கல்லூரி, முதல் ஐந்து அணிகளுக்குக் கல்விக் கட்டணமே வேண்டாம் என்றது. புது இடத்தை நம்பி வருகிறவருக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும் அல்லவா? நம்ம நாட்டில் நடந்தது வேறு. உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு 2016-ல் நிபந்தனையோடு பல புதுக் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தது. மறு வருஷமே குறைகள் சரியாகவில்லை என்று 32 கல்லூரிகளுக்கு இரண்டு வருஷம் சேர்க்கைத் தடை வந்தது. ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பிள்ளைகளின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அரசுக் கல்லூரியில் இந்தப் பயம் குறைவு. சிக்கல் வந்தால் அரசே பொறுப்பேற்றாக வேண்டும்.

பணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அரசுக் கல்லூரியில் வருஷக் கட்டணம் இருபதாயிரத்தைத் தொடாது, ஹாஸ்டல் தனி. தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கே நாலு லட்சத்துக்கு மேல். நிர்வாக ஒதுக்கீடு பத்து லட்சத்தைத் தாண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் இருபதையும் தாண்டும். 2020-ல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் போகிற அரசுப் பள்ளிப் பிள்ளைக்குத் தனியாரில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே கட்டுகிறது. அதனால் அந்தப் பிள்ளைகள் பணத்தை ஒதுக்கிவைத்துவிட்டு ஆஸ்பத்திரியை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். அந்தச் சலுகையின் பெரிய பயனே இதுதான் என்று எனக்குத் தோன்றும்.

"இப்ப வரிசையைச் சொல்லுங்க சார்" என்று தாளை நீட்டினார். சாய்ஸ் ஃபில்லிங்கில் பலர் பயந்துகொண்டு கிடைக்கும் என்று நினைப்பதை முதலில் போடுகிறார்கள். மேலே பெரிய கல்லூரியைப் போட்டால் கீழே உள்ளது கைநழுவும் என்று நினைப்பு. அப்படி நடக்காது. ரேங்க் வரிசையில் உங்கள் முறை வரும்போது பட்டியலை மேலிருந்து படித்து, காலியாக இருக்கிற முதல் இடத்தைக் கொடுப்பார்கள். எட்டாததை மேலே போட்டதால் நஷ்டமில்லை. ஆசைப்பட்டதைக் கீழே போட்டால் நஷ்டம் உண்டு. நிஜமான ஆசை வரிசையிலேயே போடுங்கள். அரசுக் கல்லூரியின் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டில் தனியாக நடக்கிறது. அதற்கும் பதிந்து வையுங்கள். எந்தச் சுற்றில் சேர்ந்தால் விலகலாம், எதில் விலகினால் பணம் போகும் என்பது அந்தந்த வருஷத்து விளக்கக் குறிப்பேட்டில் இருக்கும். அதைப் பிள்ளையே உட்கார்ந்து படிக்கட்டும்.

அவர் தாளில் நான் போட்டுக் கொடுத்த வரிசை இது. ஜிப்மர் அகில இந்தியப் பட்டியலில் மேலே; மாநிலப் பட்டியலில் சென்னை, ஸ்டான்லி, மதுரை மேலே. அடுத்து 1965-ல் தொடங்கிய செங்கல்பட்டு. அதற்குக் கீழே வேலூர் அடுக்கம்பாறை, திருவண்ணாமலை, விழுப்புரம் முண்டியம்பாக்கம் மூன்றையும் பாப்பா எந்த வரிசையில் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். மூன்றிலிருந்தும் அணிகள் படித்து முடித்து வெளியே வந்துவிட்டன. நம்ம ஊரில் 2013-ல் சேர்ந்தவர்கள் 2019 வாக்கிலேயே ஹவுஸ் சர்ஜன் முடித்தார்கள், அவர்களில் பி.ஜி. முடித்தவர்களும் இருக்கக்கூடிய காலம் இது. அதை இன்னும் புதுசு என்று சொல்வது நியாயமில்லை. அப்புறம் கிருஷ்ணகிரி, கள்ளக்குறிச்சி. தனியார் எல்லாம் அதற்கும் கீழே, அதிலும் பழசு முதலில்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். "கள்ளக்குறிச்சிதான் வந்துச்சுன்னா, விட்டுட்டு இன்னொரு வருஷம் நீட் எழுதட்டுமா?" வேண்டவே வேண்டாம். கையில் வந்த அரசு இடத்தை, கல்லூரி புதுசு என்ற காரணத்துக்காக விட்டுவிட்டு மறுபடி கோச்சிங்குக்குப் பணம் கட்டாதீர்கள். போய்ச் சேரச் சொல்லுங்கள்.